கடலில் துவைத்த விரிப்பு

மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிரோடுதான் நான் கடற்கரைக்கு வாழப் போனேன். என் அப்பா செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்றவர். செவுளைத் தூக்கிப் பார்த்து, இது இன்றைக்குப் பிடித்ததா நேற்றைக்குப் பிடித்ததா என்று எட்டு வயதிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் கடற்கரையை விட்டு ரயிலடி ஊருக்கு வந்துவிட்டது. மீனைத் தெரிந்த அளவுக்குக் கடலை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அதை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். அதுவும் மாசி மகத்துக்குக் கும்பலோடு போய்க் காலை நனைத்துவிட்டு வந்ததுதான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நாலு வயது. அன்றைய பேச்சில் அது முற்றிப்போன வயது. வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் என் வாயைப் பார்த்துவிட்டு ஓடினார்கள் என்று அம்மா சொல்லுவாள். கடைசியில் அமைந்தவர் அப்பாவுக்கு மீன் கொண்டுவந்து போடும் ஒரு கட்டுமரக்காரர். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வயதில் ஒரு பெண். “ரெண்டாந்தாரம்னா இன்னா? ஆளு குடிக்க மாட்டான்” என்றார் அப்பா. அது ஏறக்குறைய உண்மைதான்.

தை மாசத்தில் கல்யாணம். நான் போன மறுநாள் விடியற்காலையில் கண் விழித்தபோது, குடிசையின் மூலையில் அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து எதையோ அவசர அவசரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி கண்ணு அது?”

“ஒண்ணுமில்ல.”

அந்த ஒன்றுமில்லாதது அவள் உயரத்தில் பாதி இருந்தது. கிட்டே போனதும் வாடையே சொல்லிவிட்டது. நான் குனிந்து அதைத் தொட்டேன். சொதசொத என்று இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கணக்குப் போடுகிற பார்வை அது. அந்தக் குழந்தையின் மேல் எனக்குப் பாசம் வந்தது எப்போது என்று யாராவது கேட்டால், அந்த நிமிஷத்தைத்தான் சொல்லுவேன்.

அது ஒரு விரிப்பு. நாலைந்து நூல் புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுத் தைத்தது. அவளைப் பெற்றவள், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது தன் புடவைகளை மடித்துத் தைத்ததாம். அதைத் தவிர வேறெதிலும் அவள் படுக்க மாட்டாள். கோணியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கோரைப்பாயைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாளாம். அதனால் இரவில் நனைந்த விரிப்பை அப்படியே எடுத்துப் பகலில் வாசலை மறைக்கும் கீற்றுப் படலில் காயப்போடுவார்கள். குப்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னாமே, நேத்து உங்க வூட்ல மட்டும் மழையா?” என்று கேட்பார்கள். நான் வந்த இரண்டாம் நாளே என் காதால் கேட்டேன். அந்தப் பொடியனைத் துரத்திக்கொண்டு ஓடினேன். புதுப் பெண் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மணலில் ஓடுவதை அந்தக் குப்பம் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் இந்த விரிப்பு யார் கண்ணிலும் படக்கூடாது. ஆனால் எங்கே துவைப்பது? நல்ல தண்ணீருக்குக் குப்பத்தில் மணலில் தோண்டிய ஊற்று ஒன்றுதான் உண்டு. காலையில் அதைச் சுற்றி எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். விரிப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். நான் திரும்பிப் பார்த்தேன். எதிரிலேயே இவ்வளவு பெரிய தண்ணீர் சும்மா கிடக்கிறது! ஏரித் தண்ணீரில் துணி துவைத்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? கட்டுமரங்கள் போன பிறகு, பெண்கள் கூடையோடு கரைக்கு வருவதற்கு முன்னால், ஒரு அரை மணி நேரம் கரை காலியாக இருக்கும். அந்த நேரத்தில் நானும் அவளும் விரிப்பின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போய் அலையில் முக்கி, பிழிந்து, சவுக்குத் தோப்புக்குள் கொண்டுபோய்க் காயப்போடுவோம். மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி விறைத்துக் காய்ந்திருக்கும். மடித்துக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே பூரித்துப்போனேன்.

பிறகு வைத்தியம். ராத்திரிச் சாப்பாட்டை விளக்கு வைக்கும் முன்பே முடித்துவிடுவோம். அதற்கப்புறம் தண்ணீர் கிடையாது. எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துத் தினம் இரண்டு கொடுப்பேன். அவள் மூன்று கேட்பாள், நான் இரண்டரை கொடுப்பேன். இன்னொன்றையும் கவனித்தேன். மாசிப் பனியில் உடம்பு நடுங்கினாலும் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வர மாட்டாள். நெருப்போடு விளையாடினால் ராத்திரி படுக்கையை நனைப்பாய் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளிடமும் சொல்வதுதான். மற்றக் குழந்தைகள் கேட்டுவிட்டு நெருப்போடு விளையாடும், இவள் நம்பிவிட்டாள். நான் அவளை இழுத்து அடுப்பு முன்னால் என் மடியில் உட்காரவைத்து, கையில் ஒரு சவுக்கு மிளாரைக் கொடுத்து, “தள்ளு உள்ள, எவ்ளோ வேணா தள்ளு” என்றேன். பயந்துகொண்டே தள்ளினாள். சோறு குழைந்துவிட்டது. பரவாயில்லை.

ராத்திரியில் எழுப்பி வெளியே கூட்டிப்போவதற்கு எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. கடலுக்குப் போகும் ஆட்களை எழுப்ப ஒருவர் வீடு வீடாக வந்து குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு என் வீட்டுக்காரர் எழுந்து போவார், நான் அவளைத் தூக்கி நிறுத்துவேன். அவள் நின்றுகொண்டே தூங்குவதில் கெட்டிக்காரி. வெளியே மணலில் உட்காரவைத்துவிட்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

“வருதாடி?”

“வந்துகினு கீது சின்னம்மா. அவசரப்படுத்தாத.”

கலங்கரை விளக்கின் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் தலைக்கு மேலே போகும். அது மூன்று தடவை போவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். வேலை முடிந்ததும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து விழுந்துவிடுவாள்.

இப்படி ஒரு மாசம் போனது. விடிந்தால் விரிப்பு ஈரமாகத்தான் இருந்தது. முன்பு போலச் சொதசொத என்று இல்லை. ஒரு பிசுபிசுப்பு, ஒரு ஜில்லிப்பு, அவ்வளவுதான். குறைந்துகொண்டே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நின்றபாடில்லை.

மாசிக் கடைசியில் என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. கேளம்பாக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர். அவரைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தாயில்லாத பிள்ளையை இரண்டு வருஷம் வந்து வந்து பார்த்துக்கொண்டது அவர்தான். வந்த மறுநாள் காலையில் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் நிக்கலியா?”

“கொறஞ்சிகினு வருது அண்ணி. எள்ளுருண்டை குடுக்கறேன்.”

“எள்ளுருண்டையா? பண்டம் குடுத்தா புள்ள நிறுத்துமா? இன்னும் கொஞ்ச நாள்ல பெரிய மனுசி ஆவப்போறா. இவள எவன் கட்டுவான்? அச்சரப்பாக்கத்தாண்ட ஒரு அம்மா கீது. கண்ணாடி வளையலக் காய வெச்சு தொப்புளுக்குக் கீழ ஒரே ஒரு இழுப்பு. அதோட நின்னுடும்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வலையில் அறுந்த கண்ணைப் பின்னிக்கொண்டே, “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அவருடைய அக்காவுக்கு முன்னால் நான் வந்து இரண்டு மாசம் கூட ஆகாதவள். பெறாதவள். எனக்கு என்ன உரிமை? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. கெஞ்சினேன். பங்குனி உத்திரம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். நாத்தனாரும் மனசு இரங்கினார். “சரி, உத்திரம் முடிஞ்ச வெள்ளிக்கிழமை வரேன். அதுக்குள்ள நின்னா எனக்கும் சந்தோஷந்தான். நிக்கலன்னா கூட்டிகினு போவேன், நீ குறுக்க நிக்கக்கூடாது” என்றார்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்டாள். “சின்னம்மா, வளையலு சுட்டா எவ்ளோ வலிக்கும்?”

“உன்ன யாரும் தொட மாட்டாங்க. நான் கீறேன்.”

“அத்தை தூக்கிகினு பூடுமே.”

“நான் கீறேன்னு சொன்னன் இல்ல?”

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் இருந்து என்ன கிழித்துவிட முடியும்? என் கையில் இருந்தது எள்ளுருண்டையும் அந்தப் பங்குனி மாசமும்தான்.

பங்குனி பிறந்தது. நாள் ஓடியது. ராத்திரியில் ஒரு தடவை எழுப்பியதை இரண்டாக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி, அரைஞாண் கயிற்றில் தவளையைக் கட்டினால் நிற்கும் என்றாள். தவளையைத் தேடி அலையாத குறைதான். எதற்கும் பலனில்லை. விடியற்காலையில் கையை வைத்தால் அதே பிசுபிசுப்பு. மூக்கு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அது நெத்திலி காய்கிற காலம். குப்பம் முழுக்கக் கருவாட்டு வாடை. அங்கே மூக்கை நம்பி யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஒரு நாள் காலையில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தூக்கமில்லாத கண், உத்திரத்துக்கு ஒரு வாரம், கையில் ஈர விரிப்பு. “ரெண்டு தபா எழுந்து உன்ன இஸ்துகினு போறேன். அங்க நின்னு நாடகம் ஆடிட்டு இங்க வந்து ஊத்துறியா? உனக்கு வளையல்தான்டி சரி!” என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்கவில்லை, தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன்.

அவள் அழவில்லை. “நான் பண்றது எனக்கே தெர்ல சின்னம்மா. இப்பல்லாம் தூங்காமயே இருக்கப் பாக்குறேன். எப்ப போவுதுன்னு தெர்ல” என்றாள்.

ஏழு வயதுக் குழந்தை தூங்காமல் காவல் இருந்திருக்கிறது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு இருவரும் வழக்கம்போல விரிப்பைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனோம். அன்றைக்கு நான் கத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

உத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பக்கத்துக் குப்பத்தில் கூத்து வைத்தார்கள். அடுத்த நாள் யாரும் கடலுக்குப் போகப் போவதில்லை. அவள் பொழுது சாயும்போதே விரிப்பை விரித்து வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து படுத்துவிடலாம் என்றுதான் போனோம். ஆனால் அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள், என் வீட்டுக்காரரும் எழுந்து வருகிற மாதிரி இல்லை. விடிய விடிய அங்கேயே இருந்துவிட்டோம். என் புடவை காய்ந்தபடிதான் இருந்தது. கூத்துச் சத்தத்தில் நல்ல தூக்கம் இல்லாமல் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை பாருங்கள்.

வெளுக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். அவள் தூக்கக் கலக்கத்தில் நேராகப் போய் விரிப்பில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கையால் தடவிப் பார்த்தாள்.

“சின்னம்மா, ஈரமா கீது.”

“போச்சா? இப்பதானேடி படுத்த?”

“நான் இன்னும் ஒண்ணுமே பண்ணல.”

நான் போய்த் தொட்டேன். நாலு மூலையிலும் அதே பிசுபிசுப்பு, அதே ஜில்லிப்பு. கூரை ஒழுகியதா என்று மேலே பார்த்தேன். பங்குனியில் ஏது மழை? நாய் ஏதாவது நுழைந்ததா என்றால், படல் கட்டியபடிதான் இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து குனிந்து, விரிப்பின் நுனியை விரலால் தேய்த்து, விரலை நாக்கில் வைத்தார்.

“சீ! இன்னாய்யா பண்ற?” என்றேன்.

“உப்பு” என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத்த எங்க துவைக்கிற நீ?”

“கடல்லதான்.”

“கடல்லயா?”

“அவ்ளோ தண்ணி சும்மாதானே கெடக்குது?”

அவர் அப்படியே மண் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. மனுஷன் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “கடல் தண்ணில முக்குன துணி வெயில்ல காயுமே தவிர உப்பு எங்க போவும்? ராத்திரி ஈரக்காத்து அடிச்சா அத்தனையும் உறிஞ்சிக்கும். குப்பத்துல பொறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்மே இது!”

எனக்குத் தெரியவில்லை. செங்கல்பட்டில் பிறந்து எட்டாம் வகுப்பு வரை படித்தவளுக்குத் தெரியவில்லை. ஊற்றுக்குப் போயிருந்தால் முதல் நாளே எவளாவது ஒருத்தி சொல்லியிருப்பாள். குழந்தையின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒளித்து ஒளித்துத் துவைத்து, நானே தினம் அவளுடைய படுக்கையை நனைத்திருக்கிறேன். அதற்காக அவளையே பிடித்து உலுக்கியும் இருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே அவள் அப்பாவைக் கேட்டாள். “நைனா, அப்போ இது நான் இல்லியா?”

“நீ இல்ல கண்ணு. உப்பு.”

“நேத்து?”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“முந்தாநேத்து? அதுக்கு முந்தின நாளு?”

அவள் எந்த நாளிலிருந்து நிறுத்தினாள் என்பது இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. அவள் ஜெயித்துவிட்டு எத்தனையோ நாள் தூங்காமல் காவல் இருந்திருக்கிறாள். ஒரு நாள்கூட ஒருவரும் அவளை மெச்சவில்லை.

“ஏன்டி, கடல்ல முக்கறப்பவே சொல்லி இருக்கலாம் இல்ல? நீயும் இங்க பொறந்தவதானே?” என்று கேட்டேன்.

“காயாதுன்னு எனக்குத் தெரியும் சின்னம்மா. ஆனா நீ படிச்சவ இல்ல? நீ துவைச்சா காயும்னு நெனச்சேன்.”

என் படிப்பை யாரும் அதற்கு முன் அவ்வளவு பெருமையாக நினைத்ததில்லை. அந்தப் படிப்பை நான் அன்றைக்கே தலை முழுகினேன்.

வெயில் ஏறும் வரை காத்திருந்தேன். ஊற்றில் கூட்டம் நிறைந்ததும் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போனேன். அவள் கை பின்னால் இழுத்தது. நான் விடவில்லை. எல்லோரும் கேட்கும்படி நடந்தது அத்தனையையும் சொன்னேன். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றித்தான். இரண்டு மாசமாக எந்தக் கடலில் எப்படி முக்கினேன், எப்படிப் பிழிந்தேன், எந்தத் தோப்பில் ஒளித்துக் காயப்போட்டேன் எல்லாம் சொன்னேன். ஊற்றங்கரையே குலுங்கியது. ஒருத்தி சிரித்துச் சிரித்துக் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். அன்றிலிருந்து நான் அந்தக் குப்பத்தில் ‘கடலுக்கே சோப்பு போட்டவ’. என் பேரன் காலத்திலும் அந்தப் பெயர் இருந்தது.

சிரித்த அதே பெண்கள்தான் ஒவ்வொருத்தியாகத் தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள். ஊற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். ஒரு குடத்துக்காக மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். “உப்பு போவணும்னா நல்லா அலசணும்மே, இந்தா, இதையும் ஊத்து” என்று குடம் குடமாக ஊற்றினார்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரைக் குழந்தையே நாக்கில் வைத்துப் பார்த்து, “சப்புன்னு கீது” என்று தீர்ப்புச் சொன்னாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. முன் பல் இரண்டும் விழுந்திருந்த சிரிப்பு.

உத்திரம் முடிந்த வெள்ளிக்கிழமை, சொன்னபடி நாத்தனார் வந்தார். பையில் மாற்றுப் புடவையும், போகிற வழிக்கு ஒரு பொட்டலம் பொரியும் இருந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டார். “உப்பளத்துக்காரன் பொண்டாட்டி நானு, என் கண்ணுக்கும் தெர்லியே! மழ வர்றதுக்கு முன்னாடியே உப்பு மூட்ட அழும், தெரியுமா உனக்கு? நான் தொட்டுப் பாத்தேனே அன்னிக்கி!” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் லேசில் விடுகிறவரா? அன்று ராத்திரி அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். விடிந்ததும் விரிப்பை முழுக்கத் தடவினார். ஈரமில்லை.

“சரி, இப்ப இல்ல. நாளைக்கே திரும்ப வந்தா இன்னா பண்றது? ஒரு தபா சூடு போட்டுக்கினா பயமில்ல பாரு” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் புடவையை இறக்கி வயிற்றைக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே பளபளவென்று தழும்பு. “எனக்கும் போட்டாங்க. அஞ்சு வயசுல. செத்தா பூட்டேன்?”

“போட்டதும் நின்னுதா அண்ணி?”

“நிக்காம?” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “ஒடனே இல்ல. நான் பெரிய மனுசி ஆவறதுக்கு ஒரு வருசம் முன்ன நின்னுது.”

என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். தழும்பு ஒன்றல்ல, மூன்று கோடுகள் இருந்தன. அவரும் குனிந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து எடுத்தார். அவள் ஒரு மூலையில் நின்று அத்தையின் வயிற்றைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் புடவையைச் சரி செய்துகொண்டு, பையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். “தின்னு” என்றார். மத்தியான பஸ்ஸுக்குத் தனியாகத்தான் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு கோடை முழுக்க விரிப்பு நனையவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போக முடியாமல் என் வீட்டுக்காரர் வீட்டிலேயே கிடந்தார். ஆட்களை எழுப்புகிற குரலும் இல்லை. நான் அப்போது நாலு மாசம், படுத்தால் பிணம் மாதிரித் தூங்குவேன். ஒரு ராத்திரி யாரோ என் கன்னத்தைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் அவள். அதுவரைக்கும் நான்தான் அவளை எழுப்பியிருக்கிறேன், அவள் என்னை எழுப்பியதே இல்லை. எதையும் சுருட்டவில்லை, மூலைக்குப் போகவில்லை. விரிப்பு அவள் எழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது.

“இன்னாடி?”

“சின்னம்மா, இன்னிக்கி உப்பு இல்ல. நான்தான்” என்றாள். என் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, என் போர்வைக்குள் நுழைந்துகொண்டாள். “மழ வுட்டதும் ஊத்துக்குப் போலாம், ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.